உள்ளே போகும் முன் ஒரு கூவல்

மகளே, மகனே, போனில் நீங்கள் கேட்டதற்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாகப் பேசுகிறீர்கள், நடுவில் குழந்தை அழுகிறது, உங்கள் அம்மா சமையல்கட்டிலிருந்து ஒரு வார்த்தை போடுகிறாள். நான் "ம்... ம்..." என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் ஒவ்வொன்றாக வருகிறது. அப்போது கேட்பதற்கு இங்கே ஃபேனைத் தவிர யாரும் இல்லை. அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நீங்கள் கேட்டது இரண்டில் ஒன்று. இனிமேல் தென்னேரி ஏரிக்குள் தனியாகக் கால் வைக்க மாட்டேன் என்று பேரப்பிள்ளை மேல் சத்தியம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் காஞ்சிபுரம் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பெங்களூருக்கு வந்து உங்களோடு இருந்துவிட வேண்டும். "அப்படி இன்னாதான்பா இருக்குது அந்த ஏரியில?" என்று சின்னவன் கேட்டான். கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டான். அந்தக் கேள்விதான் என்னை உட்கார வைத்திருக்கிறது.

என் வேலை உங்களுக்குத் தெரியும். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு ஒன்று தீர்ந்ததும் பழைய பாவின் முனையோடு புதுப் பாவின் முனையை இழை இழையாகப் பிணைக்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு இரண்டு இழையைச் சேர்த்து ஒரு திருகு, அடுத்த இரண்டு, மறுபடி ஒரு திருகு. ஆயிரக்கணக்கான இழை. நெய்கிறவர்கள் கூப்பிடுவார்கள், வீடு வீடாகப் போய்ச் செய்துவிட்டு வருவேன். பலமாக மூச்சு விட்டால்கூட இழை கலையும் என்பதால் பேச்சே கிடையாது. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை என் பார்வை ஒரு சாண் தூரத்தைத் தாண்டாது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை, வேலை எனக்குப் பிடிக்கும். ஆனால் கல்யாணமான புதிதில் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. தெருவில் எதிரே வருகிறவர் முகம், கிட்ட வந்த பிறகுதான் தெரியும். ஆஸ்பத்திரியில் கண்ணில் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எதற்கெடுத்தாலும் எரிச்சல். பாவில் சிக்கு விழுந்தால் பிடுங்கி எறியத் தோன்றும். ஒரு நாள் சிக்கை எடுக்கப் பொறுமை இல்லாமல் கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன். உங்கள் அம்மா பயந்துபோய்த் தன் தம்பிக்குச் சொல்லி அனுப்பினாள்.

உங்கள் மாமாவுக்கு அப்போது வாலாஜாபாத் ரைஸ்மில்லில் நெல் அவிக்கிற வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்து நின்றார்.

"இன்னா மாமா, மூஞ்சி வாழத்தண்டு கணக்கா வெளுத்துப் போயிருக்குது? வெயிலே படறதில்லியா? கிளம்பு, ஏரிக்குப் போயிட்டு வரலாம்."

"எனக்கு நீச்சல் தெரியாது மச்சான்."

"நடக்கத் தெரியுமில்ல? வா. எங்க அக்காவுக்கு உன்ன முழுசா திருப்பிக் குடுத்துடறேன்."

நீங்கள் கரையிலிருந்து பார்த்த ஏரி வேறு, உள்ளே இருக்கிற ஏரி வேறு. உள்ளே பாதிக்கு மேல் கருவேலமரம். மழைக்காலத்தில் அவை இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். மாசி, பங்குனியில் தண்ணீர் இறங்கியதும் மரங்களுக்கு நடுவில் நடந்து போகலாம். முதலில் காய்ந்த தரையும் முள் புதரும். போகப் போக ஈரம், பிறகு சேறு, கடைசியில் முழங்காலுக்குத் தண்ணீர். அதையும் தாண்டினால் ஒரு மண் திட்டு. திட்டைச் சுற்றியுள்ள மரங்களில்தான் நாரைகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டும். ஆபத்து என்று பார்த்தால் பள்ளங்கள்தான். வண்டல் மண் எடுத்த பள்ளங்கள் காய்ந்த தரைப் பக்கமும் தண்ணீரோடு அங்கங்கே உண்டு. மேலே பாசியும் புல்லும் படர்ந்து தரை மாதிரியே ஏமாற்றும். கால் வைத்தால் ஆள் முழுகிவிடுவான். அதனால் வழி தெரியாத யாரும் உள்ளே போவதில்லை.

கரையிலிருந்து இறங்கியதும் வரும் முதல் கருவேலமரத்தில் மாமா தன் செருப்பைக் கிளையில் மாட்டினார். சேற்றில் செருப்பு நிற்காது. காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு இழுத்து இழுத்து நடந்தால் முள் அதிகம் ஏறாது. நானும் என் செருப்பை மாட்டினேன். பிறகு அவர் இரண்டு கையையும் வாயருகில் குவித்து அடிவயிற்றிலிருந்து ஒரு கூவல் கொடுத்தார்.

"ஓ... ஹோய்ய்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கேயோ தூரத்திலிருந்து இன்னொரு குரலும் அதே மாதிரி கூவியது.

"யாரு மச்சான் அது?"

"யாரோ" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். நான் பின்னால் போனேன்.

திட்டின் மேல் ஏறி நின்றபோது என்ன பார்த்தேன் என்று கேட்டால் முதலில் ஒன்றும் பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர்தான் கொட்டியது. அழுகை இல்லை. அவ்வளவு தூரத்தைக் கண் பார்த்துப் பழக்கமில்லை, அதுதான். துடைத்துத் துடைத்துப் பார்த்ததில் முதலில் மரம் தெரிந்தது, பிறகு மரத்தில் கூடு, கூட்டுக்குள் வாயைப் பிளந்துகொண்டிருக்கிற குஞ்சு. அதற்கும் பின்னால் ஏரியின் அடுத்த கரை, கரையில் போகிற மாட்டுவண்டி. என் கண் போய்த் தங்கக்கூடிய இடம் இவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மாமா துண்டை விரித்துப் படுத்துத் தூங்கிவிட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு தண்ணீர் இறங்குகிற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏரிதான். பறவைகள் பெயர் இன்றைக்கும் எனக்குப் பாதி தெரியாது. நத்தையை உடைக்கத் தெரியாமல் தூக்கித் தூக்கிப் போடும் ஒரு குட்டி நாரையைக் காலை முழுக்கப் பார்த்திருக்கிறேன். ஒரு பங்குனியில் திட்டின் மேல் இருக்கும்போது கோடைமழை பிடித்துக்கொண்டது. வானம் கறுத்து, இடி விழுந்து, ஒதுங்க மரம் இருந்தும் மரத்தடிக்குப் போகக் கூடாது என்று மாமா என்னைச் சேற்றோடு அமுக்கிப் படுக்க வைத்தார். ஆலங்கட்டி முதுகில் விழுகிறது. குஞ்சுகள் மேல் தாய்ப்பறவைகள் இறக்கையை விரித்துக்கொண்டு அசையாமல் நனைகின்றன. மழை விட்டதும் நாங்கள் எழுந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கண்ணைத் தவிர எல்லாம் சேறு. "அக்கா உன்ன இப்ப பாத்தா வேற மாப்பிள்ள பாத்துடும்" என்று மாமா சொன்னார். நாங்கள் சிரித்த சிரிப்பில் வயிறு வலித்தது.

மறுநாள் ஒரு வீட்டில் பாவு சிக்கிக் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். கை கத்தரிக்கோலைத் தேடவில்லை. அந்த இறக்கை விரித்த பறவை ஞாபகத்தில் இருந்தது. அசையாமல் இருக்க ஒரு தெம்பு வேண்டும் என்று எனக்குப் பட்டது. நிதானமாகச் சிக்கை எடுத்தேன். அன்றிலிருந்து எனக்கு அந்தக் கோபம் வந்ததில்லை. நீங்கள் பிறந்த பிறகு பார்த்த அப்பா, அந்த மழைக்குப் பிறகு வந்த அப்பா. சின்னவனே, ஏரியில் என்ன இருக்கிறது என்று கேட்டாயே, இது பாதிப் பதில்.

மாமாவோடு போகும்போது பெரியவளையும் ஒரே ஒரு தடவை அழைத்துப் போனேன். என் சட்டைப் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே தண்ணீரில் நடந்தாள். திட்டில் நின்று, "அப்பா, இங்க யாருமே இல்லப்பா" என்று மெதுவாகச் சொன்னாள். அந்தக் குரலை நான் இன்னும் வைத்திருக்கிறேன். போன வாரம் போனில் அதைச் சொன்னேன். "எனக்கு முள்ளு குத்துச்சுப்பா. அவ்ளோதான் ஞாபகம் இருக்குது" என்றாள். சரிதான். முள் நன்றாகத்தான் குத்தியது.

போன ஆடியில் மாமா போய்ச் சேர்ந்தார். தூங்கினவர் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகுட்டி இல்லாத மனிதர், நான்தான் கொள்ளி வைத்தேன். நீங்களெல்லாம் வந்து இருந்துவிட்டுப் போனீர்கள். அடுத்த மாதம் பெரியவள் பேறுகாலத்துக்கு அம்மா பெங்களூருக்கு வந்தாள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கேயே இருந்துவிட்டாள். அதில் எனக்குக் குறையில்லை, அது நியாயம். நான் வீட்டில் எப்படி இருக்கிறேன் என்று கேட்கிறீர்கள். நன்றாக இருக்கிறேன். ஒரு ஆளுக்குச் சோறு வடிப்பது எனக்கு இன்னும் கைவரவில்லை, எப்போதும் மிஞ்சுகிறது. சாப்பிட உட்கார்ந்தால் அம்மா உட்காருகிற இடத்தை விட்டுத்தான் உட்காருகிறேன். பெரியவள் படித்த ஜன்னல், சின்னவன் பந்து அடித்து உடைத்த சுவர்மூலை, வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவர் இல்லை.

ஏரி அப்படி இல்லை. அங்கே முதலிலிருந்தே யாரும் இல்லை. யாரும் இல்லாத இடத்தில் யாரும் குறைவதில்லை. அதனால் மாசியில் தண்ணீர் இறங்கியது என்று கேள்விப்பட்டதும் வண்டியை எடுத்தேன்.

கரையில் இறங்கினதும் புரிந்துவிட்டது. இப்போது அங்கேயும் ஒருவர் குறைகிறார். செருப்பை மாட்டினேன். கிளையில் ஒரு ஜோடிதான் தொங்கியது. கூவல் எல்லாம் கொடுக்கவில்லை. அது மாமாவின் விளையாட்டு என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். தூரத்துப் பதில் குரலை, ஆடு மேய்க்கிறவர்கள் கேலிக்குக் கத்துவது என்று நினைத்தேன். எனக்கோ தெருவில் போகிறவரைக் கூப்பிடவே கூச்சம்.

உள்ளே நாலு மரம் தாண்டினதும் இன்னொன்றும் புரிந்தது. எனக்கு வழி தெரியாது. வழி தெரியும் என்றுதான் வந்தேன். ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் மாமாவின் முதுகு. அவர் திரும்பினால் நானும் திரும்புவேன், அவ்வளவுதான். மரமெல்லாம் ஒரே மாதிரி இருந்தது.

ஆனாலும் திரும்பவில்லை. சட்டைப்பையில் வேலையில் வெட்டிப்போட்ட பாவுநூல் ஒரு கை இருந்தது. நல்ல அரக்குச் சிவப்பு. இதோ இருக்கிறதே வழி என்று தோன்றியது. ஒவ்வொரு மரமாக, முன்னால் கம்பால் தரையைக் குத்திப் பார்த்துக்கொண்டு, இடுப்பு உயரத்தில் கிளைக்கு ஒரு நூல் கட்டிக்கொண்டே போனேன். வால் நீளமாகத் தொங்கும்படி விட்டேன், தூரத்திலிருந்து தெரிய வேண்டுமே. முடிச்சு போடுவதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. திட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. மாமா படுக்கிற இடத்தில் துண்டை விரித்தேன். எனக்குத் தூக்கம் வரவில்லை. குஞ்சுகள் இந்த வருஷம் நிறைய.

வெயில் சாய்கிறபோது திரும்பினேன். தண்ணீரில் நிற்கிற மரங்களில் நூல் கட்டினது கட்டினபடி இருந்தது. சேற்றைத் தாண்டிக் காய்ந்த தரைக்கு வந்ததும் அடுத்த நூலைக் காணோம். வலப்பக்கம் பார்த்தேன், இடப்பக்கம் பார்த்தேன். ஒரு மரத்தில் கிட்டப்போய்த் தடவினால் முடிச்சு மட்டும் இருந்தது, கிளையைச் சுற்றி ஒரு சின்ன மோதிரம் மாதிரி. வாலைக் காணோம். அடுத்தது எந்த மரம்? கம்பைக் குத்தினேன், பாதிக் கம்பு உள்ளே போனது. பள்ளம். பின்வாங்கி வேறு பக்கம் குத்தினேன். அங்கேயும் பொதபொத என்று இருந்தது. மறுபடி பின்வாங்கினதில், வந்த மரம் எது என்பதும் போய்விட்டது. முள் முகத்தில் கிழித்தது. போன், நனைந்துவிடும் என்று வண்டிப் பையிலேயே வைத்திருந்தேன்.

அப்போது புதருக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளாடு எட்டிப் பார்த்தது. அதன் வாய் ஓரத்தில் அரக்குச் சிவப்பில் ஒரு நூல் தொங்கியது. என்னைப் பார்த்துக்கொண்டே அதை மெல்ல மெல்ல உள்ளே இழுத்து மென்று முழுங்கியது.

பாவுநூலுக்குக் கஞ்சி போட்டிருக்கும். தெருவில் பாவை இழுத்துக் கட்டி, சோற்றுக் கஞ்சி தடவி, காய வைத்த பிறகுதான் தறிக்கு வரும். வாழ்க்கையெல்லாம் அந்த வாசனையில் இருக்கிற எனக்கு, அது ஒரு தீனி என்பது ஏறவே இல்லை. வேறு யாராக இருந்தாலும் துணியைக் கிழித்துக் கட்டியிருப்பார்கள், பிளாஸ்டிக் பையைக் கட்டியிருப்பார்கள். நான் ஆட்டுக்குச் சோறு கட்டிவைத்துக்கொண்டே ஏரிக்குள் போயிருக்கிறேன்.

சிரிக்க வேண்டிய விஷயம். ஆனால் பக்கத்தில் சிரிக்க ஆள் இல்லாதபோது பயம்தான் வந்தது. நகர்ந்தால் பள்ளம். நீச்சல் தெரியாது. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். என்னவென்று கத்துவது? பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவர் இருந்தால்தானே கத்த முடியும். அம்மா பெங்களூரில், நீங்கள் பெங்களூரில், மாமா இல்லை. வாயைத் திறந்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வெளிச்சம் மஞ்சளாக மாறிக்கொண்டே வந்தது.

அப்போதுதான் கேட்டது.

"ஓ... ஹோய்ய்!"

மயிர்க்கூச்செறிந்தது. அசல் மாமா குரல் கொடுக்கிற மாதிரியே. மறுபடி கேட்டபோது அது பெண் குரல் என்று தெரிந்தது.

"உள்ளாற யாருய்யா? உசுரோட இருந்தா சத்தம் குடு!"

"இருக்கேம்மா!" என்று கத்தினேன். என் குரலை அவ்வளவு சத்தமாக நானே கேட்டதில்லை. "வழி தெரியலம்மா!"

"அங்கியே நில்லு! நகராத! ஆடுங்கள கூப்புடறேன், அதுங்க பின்னாலயே வா!"

நாக்கை மடக்கி அந்தம்மா ஏதோ ஒரு சத்தம் கொடுத்தார். புதரிலிருந்து ஆடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து வரிசையாக நடக்க ஆரம்பித்தன. என் நூலைத் தின்ற ஆடும் அதில் போயிற்று. அது எங்கே கால் வைத்ததோ அங்கேயே நானும் வைத்தேன்.

கரையோரம் அந்தம்மா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். என் வயது இருக்கும், சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தோளில் தழை இழுக்கிற தொரட்டி. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"காலைல பாத்தேன், செருப்பு தொங்கிக்கினு இருந்துச்சு. மத்தியானம் பாத்தேன், அப்பவும் தொங்குது. ஆட்ட ஓட்டிக்கினு போவசொல பாத்தா இன்னும் தொங்கிக்கினே இருக்குது. கூவல் குடுக்காம உள்ளாற போறவன் ஒண்ணு முட்ட திருடறவன், இல்ல சாவப் போறவன். நீ எதுல சேத்தி?"

"நான் பாவு பிணைக்கிறவம்மா. காஞ்சிபுரம்."

"அப்ப அந்த செவப்பு நூலு உன்னுதா? ஏரிக்குள்ள இன்னாத்துக்குய்யா தறி போட்ட? என் ஆடு மொத்தத்தையும் துன்னுட்டு ஒக்காந்துக்கினு இருக்குது. நாளைக்கு ஜரிகையா புழுக்க போடப் போவுது!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தம்மா தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். குடித்த பிறகு, ரைஸ்மில்லில் இருந்த என் மச்சானோடுதான் எப்போதும் வருவேன் என்று சொன்னேன்.

"அய்ய, அவுரா? ரெண்டு செருப்பு தொங்குமே, அந்த ஜோடியா நீங்க? அவுரு கூவாம கால வெக்க மாட்டாரே. நாங்க பதில் குடுத்தாத்தான் உள்ளாறயே எறங்குவாரு. ஒரு நாளு நான் தூரமா இருந்துட்டேன், பதில் வர்ற வரைக்கும் திரும்பத் திரும்பக் கூவிக்கினே இருந்தாரு. வெளிய வந்தா ஒண்ணு குடுப்பாரு. சரி, ஆளு வந்துட்டாருன்னு நாங்க ஆட்ட ஓட்டிக்கினு போவோம். இப்ப ஏன் சத்தமே காணோம்?"

சொன்னேன். அந்தம்மா தொரட்டியைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் ஊன்றினார். "அதான், ஆடியிலயிருந்தே இந்தப் பக்கம் ஒரு மாரி வெறிச்சினு இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, ஓரமாகப் போன ஆட்டை அதட்டினார். போகும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார். "இன்னொரு தபா கூவாம போனியோ, செருப்ப எடுத்துக்கினு போயிடுவேன், ஆமா."

இத்தனை வருஷம் அந்த மனிதர் என் தலைக்கு மேலே ஒரு ஏற்பாடு செய்து வைத்துக்கொண்டு, அதன் அடியில் என்னை நடத்திக் கூட்டிப் போயிருக்கிறார். ஏன் கூவுகிறார் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகிறவன், ஏன் தட்டுகிறேன் என்று பக்கத்தில் இருப்பவனுக்கு விளக்கிக்கொண்டா இருப்பான்? நான் கேட்டிருக்கலாம். தோன்றவில்லை. யாருமே இல்லாத இடம் என்று நாம் இரண்டு பேரும் நினைத்தோமே பெரியவளே, அன்றைக்கு நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தபோதும் கரையில் யாரோ ஒருவர் நம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வீடியோ கால் வந்தது. முகத்துக் கீறலைப் பெரியவள் பார்த்துவிட்டாள். எனக்குப் பொய் சொல்ல வராது, சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். "லொக்கேஷனாவது ஷேர் பண்ணுப்பா" என்று சின்னவன் கேட்டான். உள்ளே சிக்னல் எடுக்காது. "தனியா ஒக்காந்துக்கினு இன்னா பண்றாரு அங்க, வந்துடச் சொல்லு" என்று அம்மா பின்னாலிருந்து சொன்னது எனக்கும் கேட்டது. கோபமாகச் சொல்கிற மாதிரிதான் இருந்தது. அது கோபம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இதுதான் என் பதில். சத்தியம் செய்ய மாட்டேன், வீட்டையும் பூட்ட மாட்டேன். பெங்களூரில் உங்கள் வீட்டுப் பால்கனியில் நின்றால் எதிர் வீட்டுப் பால்கனி தெரிகிறது. அங்கே என் கண்ணுக்குப் போக இடமில்லை. பேரனைப் பார்க்க மழைக்காலத்தில் வருகிறேன், ஏரி நிறைந்து யாரும் உள்ளே போக முடியாத மாதங்களில். மாசியில் திரும்பிவிடுவேன். இங்கே இருக்கிறபோது கூவல் கொடுப்பேன். பதில் வந்தால் உள்ளே போவேன், வராவிட்டால் போக மாட்டேன். நீங்கள் கேட்ட சத்தியத்துக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்காகப் பழகிக்கொண்டும் இருக்கிறேன். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு ஒரு தடவை கூவிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னா சார், பல்லி வுழுந்துடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இதுவரை எழுதி வைத்துவிட்டு இந்த ஞாயிற்றுக்கிழமை தென்னேரிக்குப் போனேன். செருப்பைக் கழற்றி அந்த முதல் கருவேலமரத்தில் மாட்டினேன். சுற்றிலும் பார்த்துவிட்டு, இரண்டு கையையும் வாயருகில் குவித்துக் கூவினேன். முதல் தடவை குரல் பாதியில் உடைந்தது. இரண்டாம் தடவை சரியாக வந்தது. கொக்குகள் எழும்பி ஒரு சுற்று சுற்றி மறுபடி உட்கார்ந்தன. காத்திருந்தேன். மறுபடி கூவினேன். உள்ளேயிருந்து குஞ்சுகளின் சத்தம் மட்டும் வந்தது. அந்தம்மா அன்றைக்கு வேறு பக்கம் ஆடு ஓட்டிப் போயிருக்கலாம், ஏதாவது விசேஷத்துக்குப் போயிருக்கலாம்.

உள்ளே போகவில்லை. கரைமேல் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன சோற்றைச் சாப்பிட்டேன். அங்கிருந்து திட்டு தெரியவில்லை, அதற்கு மேலே பறக்கிற பறவைகள் தெரிந்தன. வெயில் ஏறும்வரை அவற்றைப் பார்த்தேன். அடுத்த வாரம் குஞ்சுகள் இருக்குமோ, பறந்துவிடுமோ தெரியாது.

பிறகு செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டேன். வண்டியை எடுக்கப் போனவன் நின்றேன். முதலில் கொடுத்த கூவல் யார் காதிலாவது விழுந்திருந்தால்? அவர் பதில் கொடுத்து, அது எனக்குக் கேட்காமல் போயிருந்தால்? ஒருத்தன் உள்ளே இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே அவர் வெயிலில் காத்திருக்கக் கூடாது. திரும்பி வந்து ஏரியைப் பார்த்து நின்று, வெளியே வந்துவிட்டேன் என்கிற கூவலையும் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.